ஒத்தக்கல் இருமுகிறது

பிப்ரவரி 22, ஞாயிறு

பூசை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பங்குச்சாமி கோயில் வாசலிலேயே கூட்டம் போட்டுவிட்டார். மலைப்பாதைக் குருசடியில் நின்ற மரச்சிலுவையைக் கரையான் தின்று, அது போன மழையில் விழுந்தது ஊருக்கே தெரியும். புதுச் சிலுவை எதில் செய்வது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சிமெண்ட் என்றார் ஒருவர், தேக்கு என்றார் இன்னொருவர். கடைசியில் சாமி ஒத்தக்கல்லைக் காட்டினார். அங்கேயே நிற்கிறதே ஒரு கல், அதையே சிலுவையாக வெட்டினால் என்ன என்றார்.



ஒத்தக்கல் எங்கள் ஊருக்கு முந்தியது. வேதத்தில் சேர்வதற்கு முன்னாலும் அது நின்றது, சேர்ந்த பிறகும் நிற்கிறது. இரண்டு ஆள் உயரம், கதவு மாதிரி அகலம். யார் நட்டார்கள், அடியில் யார் புதைந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை பெற்றவள் முதல் தடவை தண்ணீருக்குப் போகும்போது அதில் முதுகைச் சாய்த்துவிட்டுப் போவாள். சாய்த்தால் இடுப்பு வலி போகும். நானும் இரண்டு பிள்ளைக்கும் சாய்ந்தவள்தான். சாமி இதைத்தான் ஒழிக்கப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதே புரிந்தது. ஒரே வெட்டில் இரண்டு வேலை.

"நான் வெட்டுறேன் சாமி. பெரிய வெள்ளிக்குள்ள நிக்கும்," என்று ஒரு குரல் முன்வரிசையிலிருந்து. யாரென்று பார்த்தால் என் வீட்டுக்காரர்.

பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவே இல்லை. ஊர் முன்னால் பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் சந்தியாகு கொத்தனாருக்குக் கௌரவம் குறைந்துவிடும் போல.

பிப்ரவரி 24, செவ்வாய்

போர்டிங்கில் படிக்கும்போது மதர் தினமும் ராத்திரி ஆத்துமசோதனை எழுதச் சொல்வார். அன்றைக்குச் செய்தது, செய்யத் தவறியது, மனதில் ஓடியது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டில் இதைப் படிக்க ஆள் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அப்படி இருந்தும் சிலதை எழுதக் கை வருவதில்லை. எழுதிவிட்டால் நிஜமாகிவிடும் போல இருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

சாரம் கட்டியாயிற்று. கூடமாட வேலைக்கு என் தம்பி இன்னாசி. மில்லை மூடியதிலிருந்து சும்மா இருந்தவன். உளி பிடிக்க இப்போதுதான் பழகுகிறான்.

கல்லைப் படுக்கப் போட்டு வெட்டினால் வேலை சுலபம். பெரியவர் மரியசூசை விடவில்லை. நிற்கிற கல்லைப் படுக்கப் போட்டால் ஊரே படுத்துவிடும் என்றார். கோயில் கணக்குப்பிள்ளை, வாத்தியார், எல்லோரும் அதையே சொன்னார்கள். சிலுவையாக்குவதற்குச் சம்மதம், சாய்ப்பதற்கு மட்டும் பயம். நல்ல வேதக்காரர்கள். ஆக, நிற்கிறபடியே வெட்டவேண்டும். தலைக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம், கைக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக. மிச்சம் நிற்பது சிலுவை.

மேலே கனம், கீழே ஒல்லி. 

மார்ச் 4, விபூதி புதன்

நெற்றியில் சாம்பலோடு முதல் அடி அடித்தார். வீடு வரைக்கும் கேட்டது. கணீரென்று, பூசையில் பீடத்து மணி அடிக்கிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

எங்கள் அப்பாவும் கல் வெட்டியவர். எந்தக் கல்லானாலும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டு தட்டுவார். கல்லுக்கு நாதம் இருந்தால் உள்ளே முழுசு. நாதம் செத்திருந்தால் உள்ளே எங்கேயோ விரிசல் ஓடுகிறது; அந்தக் கல்லைத் தொடமாட்டார். சாப்பாடு கொண்டுபோன போது இவரும் ஒரு தட்டு தட்டினார். கண்ணை மூடவில்லை. தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என் முகம் மலர்ந்ததைப் பார்த்தபிறகுதான் தலையை ஆட்டினார்.

மார்ச் 8, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி, எங்கள் வீட்டு ரேடியோ சத்தம் காதைப் பிளக்கிறது என்று சண்டைக்கு வந்தாள். ரேடியோ பழசு, அப்படித்தான் கத்தும் என்று சொல்லி அனுப்பினேன். புளி தீர்ந்துவிட்டது. தவக்காலத்தில் கறி இல்லை, கருவாடு இல்லை, புளியும் இல்லையென்றால் அந்த மனிதர் எதைத் தின்று சம்மட்டி தூக்குவார்?

மார்ச் 12, வியாழன்

தலைக்கு இரண்டு பக்கமும் இருந்த துண்டுகள் வந்துவிட்டன. கல்லுக்குத் தோள் வந்துவிட்டது. இத்தனை நாள் கல்லாக இருந்தது இப்போது ஆளாக நிற்கிறது. விறகு எடுத்துக்கொண்டு வரும்போது நிமிர்ந்து பார்த்தேன். அது குனிந்து என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. விறகைக் கீழே போட்டுவிட்டேன். சிலுவை போட்டுக்கொண்டு திரும்ப எடுத்தேன்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

இன்றைக்குத் தச்சருக்கும் கொத்தனுக்கும் நாள். வேலை செய்யாதீர்கள் என்றேன். சூசையப்பரும் வேலைக்காரர்தானே என்றுவிட்டுப் போனார்.

சிலுவையின் இடது கைக்குக் கீழே இருக்கிற நீளத் துண்டைப் பிளக்கிற நாள். வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்கியிருந்தார்கள். நான் சோற்றுத்தூக்கோடு ஓரத்தில் நின்றேன். வரிசையாக அடித்துக்கொண்டே போனார். ஒவ்வோர் ஆப்பும் இறங்க இறங்கச் சத்தம் உயரும், அப்பா அடிக்கும்போது கேட்டிருக்கிறேன். உயர்ந்துகொண்டே வந்தது. கடைசி ஆப்புக்கு முந்தின ஆப்பில் திடீரென்று சத்தம் இறங்கியது. அப்பா இருந்தால் அங்கேயே சம்மட்டியைக் கீழே போட்டிருப்பார். இவர் ஓங்கி இன்னும் ஒரு அடி போட்டார்.

துண்டு பெரிய சத்தத்தோடு விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மேலே நின்று சிரித்தார். அப்புறம் புதுசாகத் தெரிந்த முகத்தைச் சீராக்க உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார்.

நாதம் இல்லை.

கணீரென்று இருந்த கல் தொண்டை கட்டியவன் மாதிரி 'டப்' என்றது. இரண்டாவது தட்டும் அப்படியே. மூன்றாவதும். அவர் சந்தோஷமாகத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 20, வெள்ளி

உளிக்கெல்லாம் கூர் வைத்தோம். துருத்தி போட்டேன். துருத்தித் தோல் ஓரத்தில் கிழிகிறது. அந்தச் சத்தத்தைப் பற்றி இன்றைக்கு எழுதப்போவதில்லை.

மார்ச் 24, செவ்வாய்

ஊரே பேசுகிறது. மரியசூசைதான் ஆரம்பித்து வைத்தார். "கல்லு இருமுது" என்றார். இப்போது டீக்கடையில், கிணற்றடியில், ரேஷன் கடையில் எல்லாம் அதே பேச்சு. அடியில் கிடக்கிறவன் முனியாக எழுந்திருக்கப் பார்க்கிறான், இருமுகிறான் என்கிறார்கள். ஆடு மேய்க்கிற பெண்கள் மத்தியானத்தில் அந்த நிழலில் உட்கார்ந்திருந்தபோது, யாரும் அடிக்காமலே உள்ளே 'டக்' என்று கேட்டதாம். வெயிலில் கல் விரிகிற சத்தம் அது. எனக்குத் தெரியும். தெரிந்தும் என் முதுகு சில்லிட்டது.

இன்னாசிக்குக் காய்ச்சல். இடது பக்கம் ஏறமாட்டேன் என்கிறான். கையில் கறுப்புக் கயிறு, அதைச் சட்டைக்குள் மறைத்துக் கட்டியிருக்கிறான். "மச்சான்கிட்ட சொன்னேன்க்கா. போடா பயந்தாங்கொள்ளின்னு சிரிக்கிறாரு. அவரு காதுல மட்டும் விழமாட்டேங்குதே, எப்படிக்கா?" என்றான். அவருக்கு விசுவாசம் அதிகம் என்று சொன்னேன்.

மார்ச் 27, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து சாமி பிரசங்கம் வைத்தார். கல் இருமுகிறது, முனகுகிறது என்று இனி யாராவது சொன்னால் அது அஞ்ஞானம், வேறு தெய்வம் கூடாது என்கிற முதல் கற்பனைக்கு விரோதமான பாவம் என்றார். காதைப் பொத்திக்கொள்ளுங்கள், கண்ணைத் திறந்து சிலுவையைப் பாருங்கள் என்றார். நல்ல மனிதர்தான். ஊர் பயத்தில் ஓடக்கூடாது என்று பேசுகிறார். ஆனால் ஒரு கல் உடைந்த சத்தம் போடும்போது அதைக் கேட்பதே பாவம் என்றால் எங்கே போய்ச் சொல்வது?

இவர் முன்வரிசையில் உட்கார்ந்து சாமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 28, சனி

சாமியிடம் பாவம் சொல்லப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனேன். அங்கேயாவது சொல்லிவிடலாம் என்று. சொன்னேன்: "சாமி, அந்தக் கல்லுக்கு நாதம் செத்துப்போச்சு. எனக்குப் பயமா இருக்கு."

உள்ளே பெருமூச்சு கேட்டது. "நீயுமா கித்தேரியம்மா? கோயில்ல பாட்டு எடுத்துக் குடுக்கிற நீயே இப்படி நெனச்சா மத்தவங்க என்ன செய்வாங்க?" என்றார். விரிசல் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: உன் புருஷனுக்கு அது தெரியவில்லையா? வாயை மூடிக்கொண்டேன். அபராதமாக ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லக் கொடுத்தார். முழுக்கச் சொன்னேன். சொல்லி முடித்தும் பயம் போகவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

சரி. எழுதிவிடுகிறேன்.

அவருக்குக் காது கேட்பதில்லை. கிரஷரில் வெடி வைத்த வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் இடது, அப்புறம் வலது. முகத்துக்கு நேராக மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கூட்டத்தில் சிரிப்பு வந்தால் சேர்ந்து சிரிப்பார். வெடிக்கு முன்னால் ஊதுகிற விசில் கேட்காத ஆளைக் குவாரியில் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். அனுப்புவதற்கு முன்னால் இவராகவே சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஊருக்கு அது ரோஷம். "கித்தேரி, செவிடன்னு ஒரு பேரு வந்துச்சுன்னா எவன் என்னைய நம்பி கல்லத் தருவான்?" என்று அன்றைக்குக் கேட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டிடம்கூட.

இன்றைக்குச் சாப்பாட்டில் உட்காரவைத்து முகத்துக்கு நேராகச் சொன்னேன். இடது கையில் விரிசல் இருக்கிறது, நாதம் இல்லை. பாதி சொல்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் அவருடைய கதவு. கண்ணை மூடிவிட்டால் உலகத்தில் ஒருவரும் அவரிடம் ஒன்றும் சொல்ல முடியாது. மூடிய கண்ணோடே சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் குழம்புச் சட்டியைத் தலையில் கவிழ்த்திருப்பேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்னாசியிடம் போய், உன் மச்சானுக்குப் புரிகிற மாதிரி நீ ஒருதரம் சொல்லடா என்றேன். அவன் என்னையே பயந்து பார்த்தான். அந்தக் கல்லில் சாய்ந்தவள்தானே நீயும், உனக்குள்ளும் அது பேசுகிறதா என்று கேட்கிறான். மடப்பயல்.

ஏப்ரல் 10, வெள்ளி

மத்தியான வெயிலில் இடது கையின் அடியிலிருந்து ஒரு சில்லு தானாக விழுந்தது. உள்ளங்கை அகலம். கீழே அவருடைய தண்ணீர்ச் செம்பு இருந்தது, நசுங்கிவிட்டது. ஆள் அப்போதுதான் அந்தப் பக்கம் உளி எடுக்கப் போயிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பவில்லை. திரும்பி வந்தபிறகு செம்பைப் பார்த்தார், மேலே பார்த்தார், செம்பை எடுத்து நிமிர்த்தப் பார்த்தார்.

சாமி வந்து வேலையைப் பார்த்து மகிழ்ந்துபோனார். பெரிய வெள்ளி அன்றைக்குச் சிலுவை முத்தி கோயிலில் இல்லையாம், இங்கேதானாம். ஊர் முழுக்க வரிசையாக வந்து அடியில் முத்தமிட்டு முத்தி செய்யும். சின்னப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். ஊதாத் துணி போட்டு மூடி வைத்து, வெட்டியவரே ஏறித் திறக்கவேண்டும்.

இவர் சாமியின் உதட்டைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

ஏப்ரல் 12, குருத்து ஞாயிறு

பெரிய வியாழன் பூசையில் சாமி பாதம் கழுவிவிடுகிற பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் இந்த வருடம் இவரும் ஒருவர். பேர் வாசித்தபோது நான் தூரத்திலிருந்து ஜாடை காட்டினேன், எழுந்து நின்றார். வீட்டுக்கு வந்து காலைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். இந்த மனிதரை ஊர் முன்னால் செவிடன் என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அதே ஊர் முன்னால் அந்தக் கைக்குக் கீழே ஏறி நிற்பார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

இன்றைக்குச் சித்திரை முதல் நாள். பாயசம் வைக்கவில்லை, தவக்காலம்.

சாப்பாடு கொண்டுபோனேன். இன்னாசி தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். அவர் சாரத்தில் சிலுவையின் கை மட்டத்தில் உட்கார்ந்து கடைசி மெருகு போட்டுக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் சாரம் ஏறியதில்லை. திகைத்துப் போனார்.

ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் கண்ணை மூடுவார். அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்தையும் தாடையையும் வலது கைக் கல்லில் அழுத்தினேன். பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரிதான் பிடிக்க வேண்டியிருந்தது. சுத்தியலால் அந்தக் கையின் நுனியில் தட்டினேன். கணீர். அவர் கண் அகலமாகத் திறந்தது. கல் அதிர்ந்தது அவர் தாடை வழியாக உள்ளே போயிருக்கிறது. எத்தனை வருடத்துக்கு அப்புறமோ, பாவம். "இன்னொருக்கா," என்றார். தட்டினேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் தட்டினேன். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது, அடுத்தது என்ன என்று எனக்குத்தானே தெரியும்.

இடது பக்கம் கூட்டிப்போனேன். கன்னத்தை வைத்தார், அவராகவே. தட்டினேன்.

ஒன்றும் வரவில்லை அவருக்கு. இன்னும் ஓங்கித் தட்டு என்று ஜாடை காட்டினார். தட்டினேன். கன்னத்தை எடுக்காமல் அப்படியே இருந்தார், ரொம்ப நேரம். பிறகு விரலால் கையின் மேல்விளிம்பைத் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். மயிர் அளவுக்கு ஒரு கோடு. கைக்கும் தண்டுக்கும் நடுவே, குறுக்காக.

"என்னிக்கு?" என்று கேட்டார்.

சூசையப்பர் திருநாள் என்றேன்.

ஏப்ரல் 15, புதன்

சாயங்காலம் அவராகவே பேச்சை ஆரம்பித்தார். நாளைக்கு ஊரே பெரிய வியாழன் பூசையில் இருக்கும். அந்த நேரம் ஏறி அந்தக் கையை நானே இறக்கிவிடுகிறேன் என்றார். சாமியிடம் சொல்லி நிறுத்துங்கள், டவுனிலிருந்து ஆள் கூட்டி வரட்டும் என்று மன்றாடினேன். சொல்ல முடியாது என்றார். ஆள் வருவதற்குள் யார் தலையிலாவது விழுந்தால் என்று கேட்டார்.

"எங்கையால வந்தது. எங்கையாலதான் போகணும் புள்ள," என்றார்.

உங்களுக்கு அது விட்டுப்போகிற சத்தம் கேட்காதே என்றேன். முதல் தடவையாக அந்த வார்த்தையை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கண்ணை மூடவில்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொள்கிறேன், மறுமுனை உன் கையில் இருக்கட்டும், சத்தம் மாறினால் இழு, இறங்கிவிடுகிறேன் என்றார். ஒப்புக்கொண்டேன். வேறு என்ன செய்வேன்? துவைத்து வைத்த அப்போஸ்தலர் வேட்டி கொடியில் காய்கிறது.

ஏப்ரல் 16, பெரிய வியாழன்

கயிறு கிணற்றுக் கயிறுதான். மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 17, பெரிய வெள்ளி

ஆஸ்பத்திரி. உயிரோடு இருக்கிறார். கண்ணைத் திறக்கவில்லை. தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 18, சனி

இன்றைக்குத்தான் சரியாகப் பேனா பிடிக்க முடிகிறது, நேற்று இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துத் தோல் போயிருக்கிறது. நர்ஸ் சிஸ்டர் மருந்து போட்டுக் கட்டியிருக்கிறார்.

வியாழன் சாயங்காலம் ஊர் கோயிலுக்குள் போனதும் நாங்கள் போனோம். இன்னாசியைப் பாதையில் நிறுத்தி யாரும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். எதற்கென்று சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கல் பக்கம் வரவேண்டாம் என்றதே அவனுக்குப் போதும். இவர் ஏறினார். அந்தக் கோட்டில் ஆப்பை வைத்து அடிக்க ஆரம்பித்தார். கோயிலில் உன்னதப் பாட்டுக்கு மணி அடித்தார்கள். எல்லா மணியும் சேர்ந்து. இதுதான் கடைசி, இனி உயிர்ப்பு வரைக்கும் மணிக்கு நாக்கு இல்லை, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் எனக்குக் கல்லின் சத்தம் கேட்கவில்லை. உயிரே போய்விட்டது. அடிக்காதீங்க, கொஞ்சம் நிறுத்துங்க என்று கத்துகிறேன், யாரிடம் கத்துகிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

மணி நின்றது. கோயிலில் வாசகமும் பிரசங்கமும் முடிகிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தார். டப், டப், டப். இன்னும் ஒரு ஆப்பு. டப். அப்போது உள்ளே புதுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நீளமாக.

இழுத்தேன். அவருக்குத் தெரிந்தது. குனிந்து என்னைப் பார்த்தார். ஒரு விரலைக் காட்டினார், இன்னும் ஒரே ஓர் அடி என்று. சம்மட்டியைத் தூக்கினார். எனக்கு யோசிக்க நேரமில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, உடம்பு முழுக்கப் பின்னால் போட்டு இழுத்தேன். அவர் பலகையிலிருந்து சறுக்கி, சாரக்கழியில் மோதி, வெட்டிப் போட்டிருந்த சில்லுக் குவியலில் விழுந்தார். அவர் விழுந்து முடிப்பதற்குள் சிலுவையின் கை விட்டுப்போய்விட்டது. அவர் உட்கார்ந்திருந்த பலகை, அதைத் தாங்கிய கழி, எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு மறுபக்கம் இறங்கியது. தரை அதிர்ந்தது.

கோயிலிலிருந்து சனம் ஓடி வந்தது. முன்னால் அப்போஸ்தலர்கள், பாதி பேர் கால் ஈரத்தோடு, ஒருவர் துண்டோடு. இவர் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். தொடை எலும்பு. மரியசூசை தலையில் அடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, தன் கையை வெட்டியவனை அது சும்மா விடுமா என்றார். இன்னாசி கறுப்புக் கயிறு தெரிய மண்டி போட்டுவிட்டான். பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். சிலர் அந்தக் கல்லையே கும்பிடப் போனார்கள்.

எனக்கு எங்கிருந்தோ வெறி வந்தது.

"முனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கல்லு உடைஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான். தட்டிப் பாத்தா எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். இவருக்குத் தெரியல. இவருக்குக் காது செவிடு. எனக்குத் தெரியும், நான் சொல்லல."

சொல்லி முடித்துக் குனிந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையையும் படித்திருக்கிறார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். மாட்டுவண்டியில் ஏற்றியபோதும், எலும்பை இழுத்துக் கட்டியபோதும் திறக்கவில்லை. டாக்டர் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொன்னேன். கத்தக்கூட இல்லை மனிதர். காலைக் காப்பாற்றிவிட்டோம் என்கிறார்கள். அவரை உயிரோடு இழுத்தேனா, உயிரோடு புதைத்தேனா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் சாமியும் இன்னாசியும் வந்தார்கள். நேற்று சிலுவை முத்தி அங்கேயேதான் நடந்ததாம். அதற்கு முன்னால் சாமியே அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுத்தியலால் கல்லைச் சுற்றிச் சுற்றித் தட்டினாராம். "பழையபடி கணீர்னு இருக்குக்கா," என்றான் இன்னாசி. கறுப்புக் கயிறு இன்னும் கையில்தான் இருக்கிறது, ஆனால் சட்டைக்கு வெளியே. ஒரு கை இல்லாமலே நிற்கட்டும் என்று சாமி சொல்லிவிட்டாராம். ஊர் வரிசையாக வந்து முத்தி செய்ததாம். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி முத்தி செய்துவிட்டு, திரும்பி முதுகையும் ஒருதரம் சாய்த்துவிட்டுப் போனாளாம். சாமி பார்த்தும் பார்க்காத மாதிரி பாட்டை ஆரம்பித்தாராம்.

பாவசங்கீர்த்தனத்தில் நான் சொன்னதைப் பற்றிச் சாமி வெளியே ஒரு வார்த்தை பேச முடியாது. பேசவில்லை. கொண்டுவந்த ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாக என் கையில் வைத்தார். கட்டுப் போட்ட கையால் எனக்கு உரிக்க முடியாது என்று கவனித்திருக்கிறார். நான் அழுதுவிட்டேன்.

இவர் கண்ணைத் திறக்கவில்லை. இனிமேல் இவரை எந்த வழியாகக் கூப்பிடுவது? வாய் இருந்தும் ஊமை மாதிரி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. கல் விழுமோ என்று பயந்ததைவிடப் பெரிய பயம்.

ஏப்ரல் 19, உயிர்ப்பு ஞாயிறு

விடிந்ததும் நர்ஸ் சிஸ்டர் வார்டு முழுக்க ஆளுக்கு ஒரு முட்டையும் மெழுகுவர்த்தியும் கொடுத்துக்கொண்டே வந்தார். எங்கள் கட்டிலுக்கு வந்து என்னிடம் மெதுவாக, தூங்குகிறாரா என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் இவர் கண்ணைத் திறந்தார்.

என்னைப் பார்க்கவில்லை. சிஸ்டரைப் பார்த்தார். அடுத்த கட்டில்காரர், எதிர்க் கட்டில்காரர், அவர்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். செவிடர்கள் பேசுகிற மாதிரியே, வார்டு முழுக்கக் கேட்கும்படி உரக்கப் பேசினார்.

"சிஸ்டர், எனக்குக் காது கேக்காது. கோயில்ல மணி அடிச்சா தொட்டுச் சொல்லுங்க."

அதற்கென்ன, சொல்கிறேன் என்று சிஸ்டர் சாதாரணமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. எதிர்க் கட்டில்காரர் முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு வார்த்தைக்காகவா இத்தனை வருடம் நாங்கள் இரண்டு பேரும் செத்துச் செத்துப் பிழைத்தோம்?

அப்புறம் என் பக்கம் திரும்பினார். கட்டுப் போட்ட என் கைகளை ரொம்ப நேரம் பார்த்தார். கயிறு பிடித்த கை அது என்று அவருக்குத் தெரியும்.

"சிஸ்டர் வேலையா போயிருவாங்க. நீ சொல்லு," என்றார்.

காத்திருந்தோம். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிக் கோயிலில் மணி அடித்தது. பெரிய வியாழனுக்கு அப்புறம் எனக்குக் கேட்ட முதல் மணி. அவர் தோளைத் தொட்டேன். சிலுவை போட்டுக்கொண்டார்.